எல்லாம் நார்மல், வலி மட்டும் போகவில்லை
மருத்துவர் பதில்கள்

வயிற்று வலியைப் பற்றி இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: ‘எல்லா டெஸ்ட்டும் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல் என்கிறார்கள், வலி மட்டும் போகவில்லை.’ அப்படி வந்தவற்றில் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் விட்டிருக்கிறேன். கடிதத்தைப் படித்து நோயைத் தீர்மானிக்க எந்த மருத்துவராலும் முடியாது. அடுத்து எங்கே, எதைத் தேட வேண்டும் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

கேள்வி: எனக்கு 38 வயது. வீட்டிலேயே மிஷின் வைத்துத் துணி தைக்கிறேன். மூன்று ஆண்டுகளாகத் தொப்புளுக்கு வலப்புறம், சற்றுக் கீழே, ஒரே இடத்தில் வலிக்கிறது. வயிற்று ஸ்கேன் நான்கு முறை, எண்டோஸ்கோப்பி இரண்டு முறை, சி.டி. ஸ்கேன் ஒரு முறை எடுத்தாகிவிட்டது. முதலில் கேஸ் என்றார்கள், பிறகு அல்சர் என்றார்கள், பிறகு குடல்வாலாக இருக்கலாம் என்று அறுவை சிகிச்சை செய்து அதையும் எடுத்துவிட்டார்கள். வலி அப்படியே இருக்கிறது. சாப்பிட்டாலும் பட்டினி கிடந்தாலும் ஒன்றுதான். மிஷினில் குனிந்து உட்கார்ந்தால், தண்ணீர்க் குடம் தூக்கினால், படுக்கையில் புரண்டு படுத்தால் சுருக்கென்று குத்துகிறது. எங்கே என்று கேட்டால் ஒரு ரூபாய்க் காசு அளவுள்ள இடத்தை ஒற்றை விரலால் காட்டிவிடுவேன். கடைசியாகப் பார்த்த டாக்டர், ‘உங்களுக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் மனசுதான்’ என்று தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டில் நான் நடிப்பதாகப் பேசுகிறார்கள். மாமியார் திருவதிகைக்கு வேண்டிக்கொள்ளச் சொல்கிறார். இனி நான் யாரிடம் போவது?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் பரிசோதனைகளின் பட்டியலைவிட, குடம் தூக்கினால் குத்துகிறது, புரண்டு படுத்தால் குத்துகிறது, ஒற்றை விரலால் காட்டிவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிகளைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். இரைப்பைப் புண்ணின் வலி பெரும்பாலும் சாப்பாட்டோடு தொடர்புடையது. குடலின் வலி பெரும்பாலும் மலம் கழிப்பதோடு தொடர்புடையது. உங்கள் வலி இரண்டோடும் சேரவில்லை. வயிற்றுத் தசை எப்போதெல்லாம் இறுகுகிறதோ அப்போதெல்லாம் வருகிறது. அப்படியானால் வலி இருக்கும் இடம் வயிற்றுக்குள் இல்லாமல், வயிற்றுச் சுவரிலேயே இருக்கலாம் என்று முதலில் ஐயப்பட வேண்டும். நீங்கள் எடுத்த ஸ்கேன்களும் எண்டோஸ்கோப்பியும் உள்ளே இருக்கும் உறுப்புகளைப் பார்ப்பதற்கானவை. சுவரில் ஒரு மெல்லிய நரம்பு நெருக்குண்டு கிடந்தால் அது எந்தப் படத்திலும் தெரியாது.

உள்ளுறுப்புகளிலிருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்புகள் இடத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரியாதவை. அதனால்தான் குடலிலோ பித்தப்பையிலோ வலி உள்ளவரிடம் ‘எங்கே’ என்று கேட்டால், உள்ளங்கையை வயிற்றின் மேல் வைத்து வட்டமாகத் தடவிக் காட்டுவார். தோலுக்கும் தசைக்கும் வரும் நரம்புகள் அப்படியல்ல. எறும்பு கடித்த இடத்தை விரல் தேடாமல் போய்த் தொடுகிறதல்லவா, அதே துல்லியம் அவற்றுக்கு உண்டு. வயிற்றின் முன்புறத் தோலுக்கு வரும் நரம்புகள் முதுகெலும்பிலிருந்து புறப்பட்டு, விலாவை ஒட்டி வளைந்து வந்து, தொப்புளின் இரு பக்கமும் மேலிருந்து கீழாக ஓடும் நீண்ட தசையின் ஓரத்தில் ஒரு சிறு துளை வழியாக ஏறக்குறையச் செங்கோணத்தில் திரும்பி வெளியே வருகின்றன. அந்தத் திருப்பத்தில் நரம்பு நெருக்கப்பட்டால் வலி வரும். அதுவும் ஒரு காசு அளவு இடத்தில் வரும்.

இதைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் அறுவை மருத்துவராக இருந்த கார்னெட் என்பவர் 1926-ல் அதைப் பற்றி எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. நோயாளி மல்லாந்து படுத்திருக்க, மருத்துவர் வலி அதிகமுள்ள புள்ளியை விரலால் தேடிப் பிடித்து அழுத்துகிறார். விரலை எடுக்காமல், ‘கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு தலையையும் தோளையும் மட்டும் தூக்குங்கள்’ என்கிறார். வலி உள்ளுறுப்பில் இருந்தால், இறுகிய தசை ஒரு பலகையைப் போல விரலுக்கும் உறுப்புக்கும் நடுவில் நின்று வலியைக் குறைக்கும். வலி சுவரில் இருந்தால் அது குறையாது. பல பேருக்குக் கூடும், முகத்தைப் பார்த்தாலே தெரியும். இரண்டு நிமிடம்கூட ஆகாத, ஒரு பைசா செலவில்லாத பரிசோதனை இது. செலவில்லாததாலேயே மறக்கப்பட்டுவிட்டதோ என்று எனக்குச் சில நேரம் தோன்றுவதுண்டு.

இந்த அறிகுறி இருந்தால், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் மருந்தை அந்தப் புள்ளியிலேயே ஊசி மூலம் போடுவார்கள். சில நிமிடங்களில் வலி அடங்கினால் நோயும் உறுதியாகிறது, சிகிச்சையும் அங்கேயே தொடங்குகிறது. சிலருக்கு ஓரிரு ஊசிகளோடு முடிந்துவிடும். சிலருக்குத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும். ஒரு சிலருக்கு மட்டும் அந்தச் சிறு நரம்பை அறுவை சிகிச்சையில் நீக்க வேண்டிவரும். இதே போன்ற வலியைச் சிறிய குடலிறக்கமும், பழைய தையல் தழும்பில் சிக்கிய நரம்பும் தரக்கூடும் என்பதால், குடல்வால் எடுத்த தழும்பையும் சேர்த்துக் காட்டுங்கள். யாரிடம் போவது என்று கேட்டீர்கள். இதற்குப் பெருநகரத்து மருத்துவமனை வேண்டியதில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்க நேரம் ஒதுக்கும் பொது அறுவை மருத்துவர் ஒருவர் போதும், மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே இருப்பார். வலி மருத்துவத்தில் தேர்ந்த மயக்க மருந்து நிபுணர்களும் இந்த ஊசியைப் போடுவார்கள்.

போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஜவுளிக்கடைப் பையில் மூன்று ஆண்டுக் காகிதங்களையும் திணித்துக்கொண்டு போய் மேஜையில் கொட்டினால், மருத்துவருக்குக் கிடைக்கும் பத்து நிமிடமும் காகிதத்தைப் புரட்டுவதிலேயே போய்விடும். வலி எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, எந்தப் பரிசோதனை எந்த மாதம் எடுத்தது என்பதை ஒரே தாளில் எழுதி மேலே வையுங்கள். பேச்சைத் தொடங்கும்போது ‘எனக்கு அல்சர் இருக்கிறது’ என்றோ ‘கேஸ் டிரபிள்’ என்றோ தொடங்காதீர்கள். நம் ஊரில் நோயாளிகள் வலியைச் சொல்வதற்குப் பதிலாக, முன்பு யாரோ வைத்த பெயரைச் சொல்வதே வழக்கமாகிவிட்டது. அல்சர் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போகிறவர் பெரும்பாலும் அல்சர் மாத்திரையோடுதான் வெளியே வருகிறார். எனக்கு எழுதியதைப் போலவே குடத்தையும் மிஷினையும் சொல்லுங்கள்.

தூக்க மாத்திரையைத் திடீரென்று நீங்களாக நிறுத்த வேண்டாம். கொடுத்தவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். ‘ஒன்றும் இல்லை’ என்று உங்களிடம் சொன்னவர் ‘நான் தேடிய இடங்களில் ஒன்றும் இல்லை’ என்று சொல்லியிருந்தால் அது சரியாக இருந்திருக்கும். திருவதிகைக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். சூலை தீர்த்த தலம் என்று காலங்காலமாக மக்கள் போகிற ஊர் அது. தீராத வயிற்று வலிக்குச் சூலை என்று தனிச்சொல்லே வைத்திருக்கும் மொழி நம்முடையது, அந்தச் சொல்லுக்கு நடிப்பு என்ற பொருள் எந்த அகராதியிலும் இல்லை என்று வீட்டில் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 27. கணினி நிறுவனத்தில் இரவுப் பணி. இரண்டு ஆண்டுகளாக அடிவயிற்றில் வலி, வாரத்தில் மூன்று நான்கு நாள் வருகிறது. கழிவறைக்குப் போய் வந்தால் குறைகிறது. சில நாள் நான்கு முறை போகிறது, சில நாள் போகவே இல்லை. எடை குறையவில்லை, ரத்தம் இல்லை. அப்பாவின் நண்பர் குடல் புற்றுநோயில் இறந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. முழு உடலுக்கும் பெட் ஸ்கேன் எடுக்கலாம் என்று இருக்கிறேன். டாக்டர் எழுதிக்கொடுத்த அமிட்ரிப்டிலின் மாத்திரையைப் பார்த்த மருந்துக்கடைக்காரர் ‘இது மனநோய் மாத்திரை ஆயிற்றே’ என்றார், அதனால் சாப்பிடவில்லை.

பதில்: பெட் ஸ்கேனுக்கு வைத்திருக்கும் பணத்தை வங்கியிலேயே விட்டு வையுங்கள், தம்பி. குடல் எரிச்சல் நோய்க்குறித் தொகுப்பு, ஆங்கிலச் சுருக்கத்தில் ஐ.பி.எஸ்., என்பதற்கு 2016-ல் சீரமைக்கப்பட்ட பன்னாட்டு வரையறை ஒன்று உண்டு. ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கிய வலி, கடைசி மூன்று மாதத்தில் வாரத்துக்கு ஒரு நாளாவது வர வேண்டும். அதோடு மலம் கழிப்பதுடன் வலிக்குத் தொடர்பு, போகும் எண்ணிக்கையில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். உங்கள் கடிதம் அந்த வரையறையைப் பார்த்து எழுதியதைப் போலவே இருக்கிறது. வேறு எதுவும் கிடைக்காததால் ஒட்டப்படும் பெயர் இது என்று பலரும் நினைக்கிறார்கள், அது தவறு. அறிகுறிகளை வைத்தே நேராகச் சொல்லக்கூடிய நோய் இது.

உறுதி செய்ய வேண்டிய பரிசோதனைகள் குறைவு: ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, மலத்தில் கால்புரோட்டெக்டின் அளவு. கடைசியாகச் சொன்னது இயல்பாக இருந்தால் குடலில் அழற்சி இருக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. பாலும் உங்களைப் படுத்தலாம். தென்னிந்தியரில் கணிசமானவர்களுக்குப் பெரியவர்களான பின் பால் சர்க்கரை சரியாகச் செரிப்பதில்லை. இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். இரவுப் பணியில் குடிக்கும் டீயும் பால்தான் என்பதை மறக்க வேண்டாம்.

எடை குறைதல், மலத்தில் ரத்தம், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சல், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ குடல் புற்றுநோய், நடுவயதைக் கடந்தபின் புதிதாகத் தொடங்கிய வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் என் பதில் வேறாக இருக்கும். குறிப்பாக நம் நாட்டில் குடல் காசநோயை மறக்கவே கூடாது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில்தான் அது பெரும்பாலும் வரும். மாலைக் காய்ச்சல், மெலிவு, வயிறு உப்பி, கடமுடவென்று சத்தம் போட்டு, பிறகு வலி விடுதல் என்று இருக்கும். இருமல் இல்லாமலும் வரும். கொலோனோஸ்கோப்பியில் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். உறுதியானால் பொதுவாக ஆறு மாத மருந்து, அரசு மருத்துவமனையில் இலவசம். உங்கள் கடிதத்தில் இவற்றில் எதுவும் இல்லை. தேவையில்லாமல் எடுக்கும் ஸ்கேனுக்கு விலை பணம் மட்டுமல்ல: வயிற்றுக்கு ஒரு சி.டி. எடுத்தால், இயற்கையில் மூன்று நான்கு ஆண்டுகளில் நம் மேல் படும் கதிர்வீச்சு ஒரே நாளில் படுகிறது. பெட் ஸ்கேனில் அதைவிடக் கூடுதல்.

அந்த மாத்திரை அமிட்ரிப்டிலின் என்று எழுதியிருக்கிறீர்கள். மனச்சோர்வுக்காக வந்த மருந்துதான், ஆனால் அதற்குக் கொடுக்கும் அளவு வேறு. பத்து மில்லிகிராம் போன்ற சிறு அளவில் அது குடலிலிருந்து மூளைக்குப் போகும் வலிச் செய்தியின் சத்தத்தைத் தணிக்கிறது. பிரிட்டனில் நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கு இந்தச் சிறு அளவு பயன் தருவதை உறுதிப்படுத்தியது. வாய் உலரும், முதல் சில நாள் தூக்கம் வரும், பலன் தெரியச் சில வாரம் ஆகும். எழுதிக்கொடுத்தபோது டாக்டர் இந்த நான்கு வரியைச் சொல்லியிருந்தால் மருந்துக்கடைக்காரருக்கு வேலை இருந்திருக்காது.

கேள்வி: என் வயது 24. பதினைந்து வயதிலிருந்தே மாதவிலக்கின்போது கடுமையான வலி. இப்போது அதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடுகிறது. அந்த நாட்களில் மலம் கழிக்கும்போதும் உயிர் போகிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா.

பதில்: கல்யாணம் எந்த வலிக்கும் மருந்தல்ல. கர்ப்பப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு வெளியே, சினைப்பையிலோ குடலின் மேலோ வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய்க்கு உங்கள் கடிதம் பொருந்துகிறது. சாதாரண வயிற்று ஸ்கேன் அதைப் பல நேரம் காட்டாது. ஆகவே ‘ஸ்கேன் நார்மல்’ என்பதோடு தேடலை நிறுத்தக் கூடாது. உலகம் முழுவதும் இந்த நோய்க்குப் பெயர் கிடைக்கப் பெண்கள் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள், நீங்கள் ஒன்பது ஆண்டு காத்துவிட்டீர்கள். சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியிலேயே வலி வந்த தேதிகளை வட்டமிடுங்கள். மலம் கழிக்கும்போது வலித்த நாளுக்குத் தனிக்குறி போடுங்கள். மூன்று மாதத் தாள்களைக் கிழித்தெறியாமல் மகப்பேறு மற்றும் பெண்கள் நல மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்தால்தான் சிகிச்சை என்ற பழைய வழக்கம் இப்போது மாறியிருக்கிறது. அறிகுறிகள் பொருந்தினால் ஹார்மோன் சிகிச்சையை முன்பே தொடங்கலாம்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. குடிப்பழக்கம் கிடையாது. இரண்டு ஆண்டுகளாக மேல்வயிற்றில் தொடங்கி முதுகு வரை பாயும் வலி, இரண்டு மூன்று நாள் வாட்டிவிட்டுப் போகிறது. வலி வந்தால் முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்துவிடுவான். எட்டுக் கிலோ மெலிந்துவிட்டான். கேஸ் மாத்திரைதான் கொடுக்கிறார்கள். ஒரு டாக்டர் ‘பையன் உங்களுக்குத் தெரியாமல் குடிக்கிறான்’ என்றார்.

பதில்: ஐயா, இந்த ஐந்து கடிதங்களில் என்னை அவசரப்படுத்தியது உங்களுடையதுதான். முன்னால் குனிந்தால் ஆறுதல், முதுகுக்குப் பாயும் வலி, மெலிவு மூன்றும் கணையத்தைத் தேடச் சொல்கின்றன. மதுவையே தொடாத இளைஞர்களுக்குக் கணையத்தில் சுண்ணாம்புக் கற்கள் சேரும் ஒரு நோய் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நெடுங்காலமாக அறியப்பட்டது. ஒரு காலத்தில் மரவள்ளிக் கிழங்கின் மேல் பழி போட்டார்கள், அது நிரூபணமாகவில்லை. இப்போது மரபணுக்களில் உள்ள சில மாற்றங்களுக்குப் பங்கு இருப்பது தெரிந்திருக்கிறது. மகனைச் சந்தேகிக்க வேண்டாம்.

நாள்பட்ட கணைய அழற்சியில் ரத்தத்தில் அமைலேஸ் என்ற கணைய நொதியின் அளவு இயல்பாகவே இருக்கக்கூடும்; வயிற்றில் காற்று மறைத்தால் சாதாரண ஸ்கேனிலும் கணையம் தெரியாது. கற்கள் இருந்தால் சில நேரம் சாதாரண எக்ஸ்ரேயிலேயே முதுகெலும்பின் குறுக்கே உப்புத் தூவியதைப் போல வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். தேவையில்லாத ஸ்கேன் வேண்டாம் என்று மேலே ஒருவருக்குச் சொன்ன நான், உங்கள் மகனுக்குச் சி.டி. எடுக்கச் சொல்கிறேன். கூடவே சர்க்கரை அளவைப் பாருங்கள், இந்த நோய் நீரிழிவைக் கொண்டுவரும். மலம் எண்ணெய்ப் பசையோடு வெளிறி, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதக்கிறதா என்று மகனிடம் கேளுங்கள். தந்தையிடம் சொல்லக் கூச்சப்பட்டால் டாக்டரிடமாவது சொல்லட்டும். கற்களை உடைத்தெடுக்கவும், செரிமான நொதியை மாத்திரையாகக் கொடுக்கவும் இன்று வழி உண்டு. இந்த வாரமே குடல், கணைய நோய் நிபுணரைப் பாருங்கள்.

கேள்வி: எல்லா நோயும் இல்லை என்று ஆன பிறகும் வலி வந்து வந்து போகிறவர்களுக்கு, அபூர்வ நோய் எதையும் தேட வேண்டுமா?

பதில்: வலியே இல்லாத நாட்கள் நடுவில் இருந்து, வந்தால் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு வருமானால் தேட வேண்டும். அப்படிப்பட்டவரிடம் நான் முதலில் தொழிலைக் கேட்பேன். பழைய பேட்டரி உடைக்கும் பட்டறையில் வேலையா, பழைய பெயிண்டைச் சுரண்டுகிறவரா, தகுதியற்றவரிடம் வாங்கிய பஸ்பம், செந்தூரம் மாதக்கணக்கில் சாப்பிடுகிறவரா என்று கேட்டால், ஈயம் உடலில் சேர்ந்திருப்பது சில நேரம் பிடிபடும். மலச்சிக்கலும் ரத்தசோகையும் கூடவே இருக்கும். ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்த்தால் போதும். வயிற்று வலி வராத வேறு நாட்களில் உதடோ கண்ணிமையோ காரணமில்லாமல் வீங்கி இரண்டு நாளில் வடிகிறதா என்பது அடுத்த கேள்வி. ஆம் என்றால் குடலின் சுவரும் அதே போல வீங்கலாம். சி-4 என்ற ரத்தப் பரிசோதனை வழிகாட்டும்.

மூன்றாவதாகச் சிறுநீரின் நிறத்தைக் கேட்பேன். போர்ஃபிரியா என்ற பரம்பரை நோயில் வலி தாங்க முடியாததாக இருக்கும், நாடி வேகமாக ஓடும், சிலருக்குக் கைகால் தளரும், ஆனால் எல்லா ஸ்கேனும் இயல்பாக இருக்கும். பட்டினி கிடப்பதும் சில மருந்துகளும் அதைக் கிளப்பிவிடும். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டி வருவதும் உண்டு. சிறுநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெயிலில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் கருஞ்சிவப்பாக மாறலாம். அது வீட்டில் பார்க்கும் அடையாளம் மட்டுமே. உறுதி செய்ய, சிறுநீரில் போர்ஃபோபிலினோஜென் என்ற பொருளின் அளவைப் பார்க்க வேண்டும். வலி இருக்கும் நாளிலேயே சிறுநீரைப் பிடித்து, வெளிச்சம் படாதபடி பாட்டிலைக் கறுப்புத் தாளில் சுற்றி ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். வலி விட்ட பிறகு கொடுத்தால் அந்த அறிக்கையும் நார்மல் என்று வந்துவிடக்கூடும்.